சவேரியாரும் கடற்கரை ஞாயிறும்



பழவேற்காட்டு ஏரியில் தொழில் செய்யும் நம் மக்களுக்கு ஞாயிறு எளிதான நாள் அல்ல. சென்னையில் மீனுக்கு அன்றுதான் நல்ல விலை. சனி இரவு வலை போட்டால்தான் ஞாயிறு காலை இறாலும் நண்டும் சந்தைக்குப் போகும். ஆண்டவருடைய நாளைப் பற்றிப் பேசும் நாம் இதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. மீனவ மக்களிடையே ஞாயிறை வேரூன்றச் செய்த ஒருவரை இங்கு நினைத்துப் பார்ப்போம்.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1506 ஏப்ரல் 7 அன்று நவார் நாட்டில் பிறந்தார். பாரிசில் படித்தபோது இஞ்ஞாசியாரின் முதல் தோழர்களுள் ஒருவரானார். 1542 மே மாதம் கோவா வந்து, சில மாதங்களில் முத்துக்குளித்துறைக்குச் சென்றார். அங்கே பரதவர்கள் 1530களிலேயே ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் அவர்கள் மொழியில் மறைக்கல்வி சொல்லித்தர ஒருவரும் இல்லை.

சவேரியாருக்கும் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட வைத்துக்கொண்டு, மிகுந்த பாடுபட்டு, செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார். ஞாயிறன்று ஆண், பெண், முதியோர், சிறுவர் எல்லாரும் ஒரே இடத்தில் கூடினர். விசுவாச அறிக்கையை அவர் பகுதி பகுதியாகச் சொல்ல, மக்கள் திருப்பிச் சொன்னார்கள். பத்துக் கட்டளைகளும் அப்படியே. 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே இதை விவரித்துள்ளார்.

ஓர் ஊரில் நெடுநாள் தங்க அவரால் இயலாது. எனவே செபங்களை எழுதிக் கொடுத்து, ஞாயிறுதோறும் ஊரைக் கூட்டிச் சொல்லவைக்க ஏற்பாடு செய்துவிட்டே அடுத்த ஊருக்குப் போனார். நமக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. குருவும் திருப்பலியும் இல்லாத வாரங்களிலும் ஊர் கூடியது. ஞாயிறு ஊராரின் பொறுப்பாக இருந்தது. (பங்குக்குருக்களாகிய நாமும் இதை நினைவில் வைக்கலாம்.)

1545இல் அவர் மயிலையில் புனித தோமையாரின் கல்லறையருகே சில மாதங்கள் தங்கிச் செபித்தார். பிறகு மலாக்கா, ஜப்பான் என்று பயணித்து, 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையருகே சான்சியான் தீவில் இறந்தார். அப்போது வயது 46. 1622இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

குடும்பத் தேவைக்காக ஞாயிறன்று உழைக்க நேர்ந்தவரைத் திருச்சபை குற்றம் சாட்டுவதில்லை. சனி மாலைத் திருப்பலியிலும் ஞாயிறு கடனை நிறைவேற்றலாம். ஆனால் ஒருவர் மட்டும் படகைக் கரையில் நிறுத்தினால் நட்டம் அவருக்கே. குமரிக் கடற்கரையில் பல ஊர்கள் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை; அது ஊர்க் கட்டுப்பாடு. நம் ஏரியிலோ கத்தோலிக்கரும் பிற சமயத்தாரும் ஒரே தண்ணீரில் வலை போடுகிறோம். ஒரு சமயத்தார் மட்டும் கட்டுப்பாடு வைக்க முடியாது. ஆனால் யார் எந்த நாள் எங்கே வலை போடுவது என்பதை இங்கே பாடு முறையில் ஊர் கூடித்தான் தீர்மானிக்கிறது. ஞாயிறன்று விழும் முறையை அண்டை வீட்டாரோடு மாற்றிக்கொள்ள முடியுமா என்று, அடுத்த கூட்டத்துக்கு முன்பே ஊர்ப் பெரியவர்களிடம் பேசிப் பார்க்கலாம்.