தஞ்சை அரண்மனையில் பாண்டு வாத்தியம்

கல்யாண ஊர்வலத்தில் பாண்டு வாசித்தால் தெருவே கூடிவிடும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சாவூர் அரண்மனையில் பாண்டு முழங்கியது. அதை அமைத்தவர் சரபோஜி மன்னர்.

சரபோஜி 1777-ம் ஆண்டு பிறந்தார். தஞ்சையை ஆண்ட துளஜா மன்னருக்கு வாரிசு இல்லை. 1787-ல் சாகும் தறுவாயில் அவர் இந்தச் சிறுவனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். பையனைக் காப்பாற்றும்படி சுவார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியாரைக் கேட்டுக்கொண்டார்.

ஆனால் பட்டத்துக்கு வந்தவர் துளஜாவின் தம்பி அமர்சிங். சிறுவன் அரண்மனைக்குள் அடைபட்டுக் கிடந்தான். படிப்பும் இல்லை. சுவார்ட்ஸ் பாதிரியார் சும்மா இருக்கவில்லை. கும்பினியாரிடம் ஓயாமல் முறையிட்டார். 1793-ல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே இங்கிலீஷும் மேல்நாட்டுக் கலைகளும் கற்றார்.

1798 ஜூன் மாதம் சரபோஜிக்கு முடிசூட்டு விழா நடந்தது. அதைப் பார்க்கப் பாதிரியாருக்குக் கொடுத்து வைக்கவில்லை. பிப்ரவரியிலேயே கண்ணை மூடிவிட்டார். மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையைச் சரபோஜி பிடித்திருப்பது போன்ற சலவைக்கல் சிற்பம் ஒன்றைத் தஞ்சை சிவகங்கைத் தோட்டத்து மாதா கோவிலில் காணலாம்.

நாடு போயிற்று

முடிசூடி ஒரே வருஷம். 1799-ல் கும்பினியார் நாட்டை எடுத்துக்கொண்டார்கள். காவிரி பாயும் நெல் வயல்கள் எல்லாம் கை நழுவின. கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே மிச்சம். வருஷம் ஒரு லட்சம் வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் மன்னருக்குக் கிடைத்தன.

வேறொருவராயிருந்தால் அந்தப் பணத்தை விருந்திலும் வேட்டையிலும் கரைத்திருப்பார். சரபோஜியும் வேட்டைக்குப் போகிறவர்தான். ஆனால் ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கான புத்தகங்களை வாங்கினார். வைத்தியம் படித்தார். இசைக் கருவிகளையும் சேர்த்தார்.

நம் மேளத்தில் நாயனக்காரர் மனத்திலிருந்து ராகத்தை விரிப்பார். பாண்டில் அப்படி முடியாது. ஒருவர் ஒன்று வாசிக்க, மற்றவர் வேறொன்று வாசிப்பார். எல்லாம் சேர்ந்தால்தான் பாட்டு. ஆகவே ஒவ்வொருவருக்கும் காகிதம் வேண்டும். ஐந்து கோடு போட்டு, கோட்டின் மேலும் இடையிலும் புள்ளி வைத்து ஸ்வரங்களை எழுதுவார்கள். ஜெர்மனியில் வேபரின் பேர்பெற்ற இசை நாடகம் 1821-ல் அரங்கேறியபோதும் இதே முறைதான். இசைத்தட்டு பிறக்காத காலம் அல்லவா? கடல் கடந்து ஒரு பாட்டு வரவேண்டுமானால், காகிதத்தில்தான் வரவேண்டும். தஞ்சைக்கும் அப்படித்தான் வந்தது.

அரண்மனை அதிகாரி வராகப்பையர் வயலினும் பியானோவும் வாசித்தார். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு, வயலினை நம் சங்கீதத்துக்கு இசைய வைத்தவர்களில் ஒருவர். சதிர்க் கச்சேரியில் முகவீணை ஒலித்த இடத்துக்குப் பின்னாளில் கிளாரினெட் வந்து சேர்ந்தது. இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா?

1832-ம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி சரபோஜி காலமானார். அவருடைய மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசின்றி இறந்ததும், கோட்டையும் கும்பினியின் வசமாயிற்று. தர்பார் கலைந்தது. ஆனால் மன்னர் வளர்த்த சரஸ்வதி மகால் நூல்நிலையம் அழியவில்லை. ஐந்து கோடு போட்ட அந்த இசைக் காகிதங்கள், தமிழ், மராத்தி, சமஸ்கிருதச் சுவடிகளோடு அங்கேயே இருக்கின்றன.