மலர் ஆய்ந்த ஜானகி அம்மாள்

பருவந்தோறும் மலரும் பூக்களைக் கண்டு களித்தல் தமிழ் மக்களின் பழவழக்கங்களுள் ஒன்று. மலைவளம் பாடிய கபிலர், குறிஞ்சிப்பாட்டினுள் 99 மலர்களை நிரல்படக் கூறினார். அவற்றுள் காந்தளுக்கே முதலிடம் தந்தார். கார்காலத்தில் முல்லையும், வேனிலில் வேம்பும், பன்னீராண்டுக்கு ஒருமுறை குறிஞ்சியும் பூக்கக் கண்டு வாழ்ந்தவர் நம் முன்னோர். இக்காலத்தே மலர் காண விழைவோர் உதகை முதலிய இடங்களிலுள்ள தாவரவியற் பூங்காக்களை நாடிச் செல்கின்றனர். 1848ஆம் ஆண்டில் அமைக்கத் தொடங்கப்பெற்ற உதகைப் பூங்காவில், மே திங்களில் நிகழும் மலர்க்காட்சிக்குப் பெருந்திரளாக மக்கள் கூடுவர். கண்ணுக்கும் மூக்குக்கும் விருந்து பெற்ற அளவில் மனநிறைவு கொண்டு திரும்புவோரே அவருள் மிகப் பலர். அதனைக் குறைகூறுதல் பொருந்தாது. எனினும், இம்மலரின் இதழ் ஏன் தடித்தது, அம்மலரின் நிறம் ஏன் வெளிறியது, இவை எந்நாட்டில் எம்மரபில் தோன்றின என்று வினவி, அவ்வினாவின் பின்னே வாழ்நாள் முழுதும் நடந்த பெண்மணி ஒருவர் நம் நாட்டில் இருந்தார். அவரே ஜானகி அம்மாள்.

ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். தலைச்சேரி அந்நாளில் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் ஈ. கே. கிருஷ்ணன் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். வழக்காராய்ந்த நேரம் போக எஞ்சிய பொழுதைத் தம் தோட்டத்திலும் நூலறையிலும் கழித்தவர். தம் பகுதியில் வாழும் பறவைகளைப் பற்றிக் குறிப்பெழுதும் ஆர்வமும் உடையவர். அவருக்குப் பிறந்த மக்கள் பத்தொன்பதின்மர். அத்துணைப் பெரிய குடும்பத்தில் பெண்மக்கள் உரிய வயதில் மணம் புரிந்து சென்றனர். ஜானகியார் மட்டும் மணத்தை மறுத்துக் கல்வியை மேற்கொண்டார். பெண் கல்வி அருகியிருந்த காலம் அது. அன்றியும், சமூகப் படிநிலையில் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த தீயர் குலத்தில் பிறந்தவர் அவர். இவ்விரு தடைகளும் அவர் முன்னே எழுந்து நின்றன. அவற்றோடு வாதிட்டு அவர் பொழுது போக்கவில்லை, பயிலத் தொடங்கிவிட்டார்.

சென்னை இராணிமேரிக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றபின், மாநிலக் கல்லூரியில் 1921ஆம் ஆண்டு தாவரவியலில் சிறப்புப் பட்டம் எய்தினார். பின்னர்ச் சென்னைக் கிறித்தவ மகளிர் கல்லூரியில் ஆசிரியப் பணி பூண்டார். ஆசிய நாட்டு மகளிர் உயர்கல்வி பெறும் பொருட்டு அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக்கழகம் பார்பர் உதவித்தொகை என்னும் பெயரால் பொருளுதவி வழங்கி வந்தது. அதனைப் பெற்றுக் கடல் கடந்து சென்றார். அமெரிக்கத் துறைமுகத்தில் குடிபுகல் அதிகாரிகள் அவரைச் சிறிது காலம் தடுத்து நிறுத்தினராம். அவர் உடுத்திருந்த பட்டுச் சேலையையும் நீண்ட கூந்தலையும் கண்டு, இந்தியாவின் அரசிளங்குமரி போலும் என மயங்கி வழிவிட்டனர் என்பர். அம்மயக்கத்தை அவர் தெளிவிக்கவில்லை! முதுகலைப் பட்டம் பெற்று மீண்டவர், மறுமுறையும் அங்குச் சென்று 1931ஆம் ஆண்டு அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

அவர் மேற்கொண்ட துறை உயிரணுவியல். எவ்வுயிரின் உடலும் கண்ணுக்குப் புலப்படாத உயிரணுக்களால் ஆயது. ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் குரோமோசோம் எனப்படும் நுண்ணிழைகள் உள்ளன. பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைகட்குக் கொண்டு சேர்ப்பன அவ்விழைகளே. ஆரணி முதலிய ஊர்களில் பட்டு நெய்வாரை அறிந்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. சேலையின் கரையும் பூவேலையும் தறியில் ஏற்றிய பாவிலும் அதனூடே ஓடும் ஊடையிலும் அடங்கியிருத்தல் போல, மலரின் நிறமும் இதழின் அளவும் கனியின் சுவையும் அவ்விழைகளில் அடங்கியுள்ளன. துணியை மேலே பார்த்து மகிழ்வார் பலராக, இழையை எண்ணிப் பார்க்கும் நெய்தல் வல்லார் சிலரே ஆதல் போலவே, ஜானகி அம்மையாரும் நுண்ணோக்கியின் முன்னமர்ந்து செடிகளின் உள்ளிழைகளை எண்ணினார். ஒரு செடியின் குரோமோசோம் எண்ணிக்கை தெரிந்தால், அதன் சுற்றம் எது, அது தனித்த இனமோ இரண்டு இனம் கலந்த வழித்தோன்றலோ என்பனவற்றை ஆராயலாகும்.

நாடு திரும்பித் திருவனந்தபுரத்துக் கல்லூரியில் சில காலம் பயிற்றிய பின், 1934ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தை அடைந்தார். இனிமை மிக்க தடிக்கரும்பு வட இந்தியாவின் குளிரையும் நோயையும் தாங்காது நலிந்தது. ஆற்றங்கரைகளில் தானே வளரும் நாணலோ சுவையற்றதாயினும் உரம் மிக்கது. இவ்விரண்டையும் கலந்து புதுக்கரும்பு தோற்றுவிக்கும் பணியைப் பார்பர் என்னும் அறிஞரும் டி. எஸ். வெங்கட்ராமனும் முன்னரே அங்குத் தொடங்கியிருந்தனர். அம்மையார் அதனினும் ஒருபடி மேற்சென்றார். கரும்பை அதன் இனத்துள் மட்டுமன்றிச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும் தருப்பை இனத்தோடும் கலந்து பார்த்தார். கரும்பும் மக்காச்சோளமும் கலந்து பிறந்த செடியைப் பற்றிய செய்தி 1938ஆம் ஆண்டில் உலகறிந்த அறிவியல் இதழாகிய நேச்சரில் வெளிவந்தது. இதற்கு முன்னரே, சர் சி. வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியற் கழகம் 1935ஆம் ஆண்டில் அவரைத் தன் உறுப்பினருள் ஒருவராகத் தேர்ந்திருந்தது. ஆயினும் பணியிடத்தில் அவருக்கு வாழ்வு இனிதாக அமையவில்லை. தனித்து வாழும் பெண் என்பதும் பிறந்த குலமும் அவரது அறிவைக் காணவொட்டாமற் பலர் கண்ணை மறைத்தன.

1939ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் எடின்பரோ நகரில் நிகழ்ந்த மரபியல் மாநாட்டிற்குச் சென்றார். மாநாடு முடிந்ததும் இரண்டாம் உலகப்போர் மூண்டது. அம்மையார் இங்கிலாந்திலேயே தங்கி, இலண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னிஸ் ஆராய்ச்சி நிலையத்தில் பணி ஏற்றார். இரவில் வானூர்திகள் குண்டு பொழியும்போது கட்டிலின் அடியிற் பதுங்குவதும், விடிந்ததும் உடைந்து சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் துடைப்பத்தால் அகற்றிவிட்டு நுண்ணோக்கியின் முன் அமர்வதும் அவர்தம் அன்றாட வாழ்வாயின என்பர். அந்நாளில் அவருக்குத் துணையாக இருந்தது ஓர் அணிற்பிள்ளை. முதுகில் மூவரிக் கோடுடைய நம் நாட்டு அணிலைச் சேலைமடிப்பில் மறைத்துக் கொண்டு போயிருந்தார். அதற்குக் கேபாக் எனப் பெயரிட்டு ஆய்வுக் கூடத்தில் வளர்த்தார். இத்தகைய சூழலில் டார்லிங்டன் என்னும் பேரறிஞரோடு கூடி அவர் தொகுத்த நூல், பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைக் கூறுவது. 1945ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

அவ்வாண்டிலேயே இலண்டனுக்குத் தென்மேற்கேயுள்ள விஸ்லிப் பூங்கா அவரை அழைத்துக்கொண்டது. இராயல் தோட்டக்கலைக் கழகத்துக்கு உரியது அப்பூங்கா. குளிர்கால முடிவில் தொடங்கி இலையுதிர் காலம் வரை ஒன்றன்பின் ஒன்றாக மலர்கள் பூத்துக்கொண்டேயிருக்குமாறு அமைந்தது. அங்கே அம்மையாரின் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது மக்னோலியா. இப்பெயர் நமக்குப் புதிது. ஆனால் அதன் குடும்பம் புதிதன்று. நம் செண்பகம் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மக்னோலியாவின் ஒருவகை ஜப்பான் நாட்டில் வளர்வது. இலை தளிர்க்கும் முன்னரே வறுங்கொம்புகளில் வெள்ளை வெளேரெனப் பூத்து இளவேனிலின் வரவை அறிவிப்பது.

அம்மரத்தின் நாற்றுகளைக் கோல்சிசின் என்னும் மருந்துக் கரைசலால் அம்மையார் பக்குவம் செய்தார். ஐரோப்பியச் செடியொன்றிலிருந்து முதலில் எடுக்கப்பெற்ற அந்நஞ்சு, கபிலர் முதன்மை தந்த நம் காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ளது என்பது அறிந்து வியத்தற்குரியது. உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிவதற்கு முன் குரோமோசோம்கள் இரட்டிக்கும். கோல்சிசின் பட்ட உயிரணுவோ, இழைகள் இரட்டித்த பின்னரும் பிரிய மாட்டாது நின்றுவிடும். எனவே 38 இழை இருந்த இடத்தில் 76 இழை தங்கும். இழையை இரட்டித்து நெய்த பட்டு கனத்துத் தடித்திருத்தல் போல, இழை இரட்டித்த செடியின் இலையும் இதழும் தடித்துப் பெரியவாகும். இவ்வாறு வளர்ந்த நாற்றுகள் விஸ்லியில் பேட்டில்ஸ்டன் என்னும் குன்றில் நடப்பட்டன. அவற்றுள் தோன்றிய ஒருவகைக்கு ஜானகி அம்மாள் என்றே பெயர் வழங்குகின்றது. பங்குனித் திங்களில் அப்பூங்காவுக்குச் செல்வோர், வெண்ணிற இதழ்களின் நடுவே ஊதாநிறத் தாதிழைகள் பொலியும் அம்மலரைக் காண்பர்.

விடுதலை பெற்ற இந்தியாவில் தாவர ஆராய்ச்சியைச் செப்பனிட வேண்டியிருந்தது. 1890ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் நிறுவிய இந்தியத் தாவரவியல் அளவைத் துறை நாளடைவில் நலிந்து போயிற்று. நம் செடிகளை ஆராய வேண்டுவோர் கியூ தோட்டத்துக்குச் சென்று அங்குள்ள உலர் மாதிரிகளைப் பார்க்க வேண்டிய நிலையும் இருந்தது. 1951ஆம் ஆண்டில் தலைமை அமைச்சர் நேரு அழைக்க, அம்மையார் தாயகம் மீண்டார். அத்துறையைத் திருத்தியமைக்கும் சிறப்பு அலுவலராக அமர்ந்து, 1954ஆம் ஆண்டில் அது புத்துருப் பெறக் காரணமானார்.

அலுவலகத்தில் அமர்ந்து ஆணையிடுதலோடு அவர் அமையவில்லை. காடு மலைகளில் அலைந்தார். உணவுப் பெருக்கத்தின் பொருட்டுக் காடுகள் விரைந்து அழிக்கப்பட்ட காலம் அது. அசாம் பகுதியில் அரியதொரு மக்னோலியா இனம் உண்டு. அப்புறத்தில் அதன் மரம் ஒன்றே ஒன்று நிற்பதாக அறிந்தார். சில்லாங்கிலிருந்து 37 கல் தொலைவு அதனைத் தேடிச் சென்றார். அங்குச் சென்று கண்டது எரியுண்ட மரத்தையே. அயல்நாட்டுப் பூங்காவில் அம்மரத்தின் சுற்றத்தைப் பேணி மலரச் செய்தவர் கண் முன்னே, அதன் தாய்நிலத்து மரம் கரியாய்க் கிடந்தது. அவ்வழிநடையின் துயரத்தை டார்லிங்டனுக்கு எழுதிய மடலில் அவர் குறித்துள்ளார். அம்மையாரின் பிற்கால வாழ்வை விளங்கிக்கொள்ள இந்நிகழ்ச்சி ஒன்றே போதும் எனலாம். புதுவகை படைப்பதில் ஊன்றியிருந்த அவர் உள்ளம், இருப்பதைக் காப்பதன்பால் மேலும் மேலும் சென்றது. 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரின்சுடனில், மாந்தரால் நிலவுலகம் மாறுபடுதல் பற்றி அறிஞர் கூடி ஆய்ந்தனர். அவ்வவையிற் பங்குகொண்ட ஒரே பெண்மணி ஜானகி அம்மாள்.

பின்னர்ச் சம்முவில் மருந்துச் செடிகளை ஆராய்ந்தார். மலைவாழ் மக்கள் செடிகொடிகளைப் பற்றி அறிந்தவற்றையும் கேட்டுத் தொகுத்தார். 1970ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து, பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் மதிப்பியல் ஆய்வாளராகச் சேர்ந்தார். நகரை அடுத்த மதுரவாயலில் இருந்த பல்கலைக்கழக வயல் ஆய்வுக்கூடமே அவர்தம் இருப்பிடமாயிற்று. சுற்றிலும் மூலிகைத் தோட்டம். உடன் வாழ்ந்தவை பூனைகளும் நாய்களும். 1977ஆம் ஆண்டில் நடுவணரசு பத்மஸ்ரீ விருதளித்துச் சிறப்பித்தது. எளிய உடையும் எளிய உணவுமாக வாழ்ந்த அவரை அவ்விருது எவ்வகையிலும் மாற்றவில்லை.

அக்காலத்தில் கேரள மாநிலத்துப் பாலக்காட்டு மாவட்டத்தில் அமைதிப் பள்ளத்தாக்கைப் பற்றிய பூசல் எழுந்தது. அங்கே குந்திப்புழை என்னும் ஆற்றைத் தடுத்து அணை கட்டி மின்னாற்றல் பெறத் திட்டமிட்டிருந்தனர். கட்டியிருப்பின் தொன்மையான மழைக்காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கியிருக்கும். மின்விளக்கும் தொழிலும் வேண்டுவோர் ஒருபால். காடு வேண்டுவோர் ஒருபால். முன்னவர் வேண்டுகோளும் புறக்கணித்தற்குரியதன்று. அம்மையார் காடு காப்போர் அணியில் நின்றார். கவிஞரும் ஆசிரியரும் அறிவியல் இயக்கத்தாரும் எழுதியும் பேசியும் வாதிட்டனர். எண்பதைக் கடந்த அம்மையார் தமக்கு உரிய கருவியைக் கையில் எடுத்தார்; மூழ்கவிருந்த அக்காட்டின் மரங்களுடைய குரோமோசோம்களை அளவிட்டுப் பதிவு செய்ய முனைந்தார். நீர் புகுந்த பின்னர் எண்ணுவதற்கு அங்கே எதுவும் இராது என்பதை, எரிந்த மக்னோலியாவைக் கண்டவரினும் நன்கறிந்தார் யார்?

1983ஆம் ஆண்டு நவம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் மதுரவாயலில் ஜானகி அம்மாள் இயற்கை எய்தினார். இறுதிவரை அவர் ஆய்வை விட்டிலர். அவர் மறைந்து ஒன்பது திங்கள் கழிந்தபின், 1984 நவம்பர் 15ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஓங்கி நிற்கும் வெடிப்பலா மரங்கள் வேனில் வரும்போது கிளைகளை ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூக்கின்றன. சோலைமந்திகள் கூட்டமாக வந்து அப்பூக்களை உண்கின்றன.