சவலைப் பிள்ளைகளின் டாக்டரம்மா



சவலைப் பிள்ளை என்ற சொல் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். கைக்குழந்தை இருக்கும்போதே அடுத்தது உண்டாகிவிட்டால், மூத்தது பால் குடி இழந்து, இளைத்து, நைநைன்னு அழுதுக்கிட்டே கிடக்கும். சவலை பாஞ்சிடுச்சு என்பார்கள் நம் பாட்டிமார்கள். இதே விஷயத்தை ஆப்பிரிக்கத் தாய்மார்களிடம் கேட்டறிந்து, உலகத்து மருத்துவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ்.

சிசிலி 1893-இல் ஜமைக்கா தீவில் பிறந்தார். பெண்களுக்கு மருத்துவப் படிப்பு எட்டாக்கனியாக இருந்த காலம் அது. முதல் உலகப் போரில் ஆண்கள் படைக்குப் போனதால்தான் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பெண்களுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. 1923-இல் டாக்டர் ஆனார். ஆனாலும் வேலை லேசில் கிடைக்கவில்லை. 1929-இல் பிரிட்டிஷ் அரசு அவரை மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டுக்கு, அதாவது இன்றைய கானா நாட்டுக்கு அனுப்பியது. ஆண் டாக்டர்களை விடக் குறைந்த சம்பளம்தான்.

அங்கே ஒரு வயதிலிருந்து நாலு வயதுக்குள் உள்ள பிள்ளைகள் கொத்துக் கொத்தாக வந்தார்கள். கை கால் வீங்கி, முடி செம்பட்டையாகி, தோல் உரிந்து, பல பிள்ளைகள் இறந்துபோயின. இதற்கு என்ன பெயர் என்று அந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டார் சிசிலி. குவாஷியோர்கர் என்றார்கள். அடுத்த குழந்தை பிறந்ததும் மார்பிலிருந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்று அதற்கு அர்த்தம். நம் சவலைதான்!

தாய்ப்பால் நின்ற பிறகு அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வெறும் மக்காச்சோளக் கஞ்சி. வயிறு நிறைந்தது, உடம்பு வளரச் சத்து இல்லை. இதை 1933-இலும் 1935-இலும் மருத்துவ இதழ்களில் எழுதினார். இது வேறொரு நோய் என்று பெரிய டாக்டர்கள் மறுத்தார்கள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

1936-இல் மலேயாவுக்கு மாற்றினார்கள். அங்கே வேறு கொடுமை. பால் கம்பெனிகள் நர்ஸ் மாதிரி உடுத்திய பெண்களை வீடுகளுக்கு அனுப்பி, சர்க்கரை கலந்த டின் பாலைப் பச்சைக் குழந்தைகளுக்கு விற்றன. நன்றாகப் பால் சுரக்கும் தாய்மார்களும் அதை நம்பினார்கள். குழந்தைகள் நோய்ப்பட்டுச் செத்தன. 1939-இல் சிங்கப்பூரில் பெரிய மனிதர்கள் கூடிய சபையில், பாலும் கொலையும் என்ற தலைப்பில் சிசிலி பேசினார். பொய்யான பிரச்சாரத்தால் குழந்தைகள் சாவதைக் கொலை என்றுதான் எண்ண வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

பிறகு போர் வந்தது. ஜப்பானியர் அவரைச் சிங்கப்பூர் சாங்கி சிறையில் அடைத்தார்கள். மூன்றரை வருஷம் பட்டினி, நோய், விசாரணைச் சித்திரவதை. அந்தச் சிறையிலும் 20 குழந்தைகள் பிறந்தன. 20 குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தன. 20-உம் பிழைத்தன என்று பின்னாளில் அவர் எழுதினார்.

1948-இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். 98 வயது வரை வாழ்ந்து 1992-இல் மறைந்தார். அதே ஆண்டில்தான் குழந்தைப் பால் பவுடர், பால் பாட்டில் விளம்பரங்களைத் தடை செய்யும் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டது.

சகோதரிகளே, அந்த டாக்டரம்மாவுக்கு நோயின் பெயரைச் சொல்லிக் கொடுத்தவர்கள் நம்மைப் போன்ற சாதாரணத் தாய்மார்கள்தான். நம் வாய்ச்சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு உண்டு. அதனால் நம் குழுவில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் போய்ச் சொல்லுவோம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு பருப்பு, கீரை, முட்டை சேர்த்து மசித்த சோறு. இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம். அடுத்தது உண்டாகிவிட்டால் மூத்ததை வெறும் கஞ்சியில் விட்டுவிடக் கூடாது. அதன் தட்டைத்தான் முதலில் பார்க்கணும்.

நம் கூட்டமைப்பில் ஒரு பிள்ளையும் சவலை பாயக் கூடாது.