கரன்ட்டை சேர்த்துவெச்சு மின்னலா விட்ட மனுஷன்... 'பாப்பா ஃப்ளாஷ்' எட்ஜர்ட்டன் கதை!

சமீபத்துல செஞ்சிப் பக்கம் போனீங்களா? 2025 ஜூலையில் மராட்டியர் ராணுவக் கோட்டைகள் 12 சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடிச்சதில், 11 மகாராஷ்டிராவில் இருக்கு. மிச்சமிருக்கும் ஒண்ணு நம்ம செஞ்சி. அதுக்கப்புறம் திண்டிவனம் - திருவண்ணாமலை ரோட்டில் போகிற யாரும் ராஜகிரியைப் பார்த்துட்டு வண்டியை நிறுத்தாம போறதில்லை.

கல்யாண மகால் பின்னணியில் ஒரு ஜோடியை நிக்க வெச்சு, சூரியன் இறங்குற நேரத்தில் போனில் ஒரு க்ளிக் அடிச்சுப் பாருங்க. வானம் ஆரஞ்சு கலர்ல அட்டகாசமா வரும். முகம் ரெண்டும் கருகிப்போயிருக்கும். முகத்துக்கு வெளிச்சம் வெச்சா வானம் வெளுத்துடும். ரெண்டும் வேணும்னா ஸ்ட்ரோப் லைட் வேணும். ஸ்ட்ரோபுக்கு கரன்ட் வேணும். பாறை மேல ஏது பிளக் பாயின்ட்? தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்கிட்டு வர்ற போட்டோகிராபர்கள் தோளில் ஒரு பேட்டரி பேக் தொங்குறதுக்கு இதுதான் காரணம்.

அந்தப் பெட்டிக்குள்ள நடக்கிற வித்தையை உலகத்துக்குக் காட்டியவர் ஹரோல்ட் எட்ஜர்ட்டன். ஆப்பிளைத் துளைச்சு வெளியே வர்ற தோட்டா, கிரீடம் மாதிரி எழும்பும் பால் துளி... இந்தப் படங்களை எங்கேயாவது பார்த்திருப்பீங்க. எடுத்தவர் இவர்தான்.

லைன்மேன்களோடு வளர்ந்த பையன்

1903 ஏப்ரல் 6, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது அதே மாநிலத்தின் அரோரா என்ற சின்ன ஊரில். சித்தப்பா ஒருவரிடமிருந்து கேமரா பழகி, வீட்டிலேயே டார்க் ரூம் போட்டுக்கொண்டார். பள்ளி விடுமுறையில் உள்ளூர் மின்சாரக் கம்பெனியில் வேலை. அறுந்த லைனை இழுத்துக் கட்டும் ஆட்களோடு அலைந்தவருக்கு கேமரா, கரன்ட் ரெண்டு மேலேயும் பைத்தியம் பிடித்தது. கடைசிவரை அது தெளியவே இல்லை.

1925-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் முடித்து, ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் ஒரு வருஷம் இருந்தார். 1926-ல் எம்.ஐ.டி-யில் மேற்படிப்புக்குச் சேர்ந்தார்.

ஓடுற மோட்டார் நின்னுச்சு!

எம்.ஐ.டி-யில் அவர் ஆராய்ந்தது பெரிய சின்க்ரனஸ் மோட்டார்களை. திடீரென லோடு மாறினால் உள்ளே சுற்றுகிற பாகம் என்ன செய்யுது என்பது கேள்வி. சுத்துற வேகத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாதே? பக்கத்தில் மின்னிக்கொண்டிருந்த பாதரச ட்யூபின் வெளிச்சம் பட்டதும், மோட்டாரின் பாகம் அசையாமல் நிற்பதுபோலத் தெரிந்தது. மின்னும் வேகமும் சுற்றும் வேகமும் ஒத்துப்போயிருந்தன. ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஃபேன் றெக்கை பின்னாடி சுத்துற மாதிரி தெரியுமே, அதே குடும்பத்து மாயைதான்.

ஸ்ட்ரோபாஸ்கோப் என்ற கருவி அதுக்கு முன்னாடியே இருந்தது. எட்ஜர்ட்டன் செய்தது, படம் பிடிக்கிற அளவுக்கு அதைப் பிரகாசமாக்கியதும், வெளிச்சம் நீடிக்கும் நேரத்தை லட்சத்தில் ஒரு செகண்ட் வரைக்கும் சுருக்கியதும்தான். 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். மாணவர்கள் அவரைக் கூப்பிட்டது 'டாக்' என்றுதான்.

மோட்டாரோடு நிறுத்தியிருந்தால் இன்னிக்கு யாருக்கும் அவரைத் தெரிஞ்சிருக்காது. அவரோ குழாயில் ஒழுகும் தண்ணீர், கால்பந்தை உதைக்கும் கால், தேன்சிட்டின் சிறகுன்னு கண்ணில் பட்டதையெல்லாம் லைட் முன்னாடி கொண்டுவந்து நிறுத்தினார். பால் துளிக்காக மட்டும் 20 வருஷத்துக்கு மேல் மெனக்கெட்டார். ஊர் கொண்டாடும் அந்த கலர் கிரீடம் 1957-ல் எடுத்தது. அதிலும் அவருக்கு முழுத் திருப்தி இல்லையாம்!

அந்தப் பெட்டிக்குள்ள என்னதான் இருக்கு?

அன்றைய பத்திரிகை போட்டோகிராபர்கள் ஃப்ளாஷ் பல்பைத்தான் நம்பியிருந்தார்கள். ஒரு படத்துக்கு ஒரு பல்பு. எரிந்ததும் கழற்றி வீசணும். எட்ஜர்ட்டனின் ட்யூபோ எரிந்து தீராமல் திரும்பத் திரும்ப மின்னியது.

விஷயம் கெப்பாசிட்டரில் இருக்கு. தெருக்குழாயில் சொட்டுச் சொட்டா வர்ற தண்ணியை ஒரு அண்டாவில் பிடிச்சு, ஒரே வீச்சில் கவிழ்ப்பதை நினைச்சுக்கோங்க. பேட்டரியால் நிதானமாகத்தான் கொடுக்க முடியும். அந்த 12 வோல்ட்டை ஒரு சர்க்யூட் சில நூறு வோல்ட்டாக ஏற்றி, செகண்ட் கணக்கில் கெப்பாசிட்டரை நிரப்பும். பிறகு சில ஆயிரம் வோல்ட்டில் ஒரு சின்ன தட்டு தட்டினால், ட்யூபுக்குள்ளே இருக்கும் செனான் வாயு வழிவிட, சேர்த்துவைத்தது மொத்தமும் கண் சிமிட்டுறதுக்குள் கொட்டிவிடும்.

கணக்கும் எளிதுதான். வோல்டேஜை அதாலேயே பெருக்கி, கெப்பாசிட்டர் அளவால் பெருக்கி, பாதியாக்கணும். 1,000 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் என்றால் 80 ஜூல். யூ.பி.எஸ்-ஸில் இருக்கிற 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் சுமார் 3 லட்சம் ஜூல் இருக்கு. வழியில் வீணாவது போக 60 சதவிகிதம் தேறும்னு வெச்சாலும், 300 ஜூல் ஸ்ட்ரோபை 600 தடவை அடிக்கலாம். லெட்-ஆசிட் பேட்டரியை ஒட்ட உறிஞ்சினா சீக்கிரமே செத்துடும், அதனால பாதியோடு நிறுத்தி 300-னு வெச்சுக்கோங்க. ஒரு சாயங்காலத்துக்கு அது தாராளம்.

இதைப் படிச்சுட்டு வீட்டில் செய்து பார்க்கலாம்னு கை பரபரக்குதா? பேட்டரியோடு ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டரைச் சேர்த்து, அதில் ஸ்டூடியோ லைட்டைச் சொருகுவதுதான் பலர் போகிற வழி. மலிவான சதுர அலை இன்வெர்ட்டர் சில லைட்டுகளுக்கு ஒத்துக்காது. பேட்டரியை ஒட்டியே ஃப்யூஸ் கண்டிப்பா வேணும். ஆனா ஸ்ட்ரோபைப் பிரிச்சு உள்ளே கை விடுறது மட்டும் வேண்டவே வேண்டாம் மக்களே. ஸ்விட்சை ஆஃப் பண்ணி, ஒயரைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர் கரன்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். உயிரை எடுக்க அதுவே போதும்.

கல் தூண்கள் மேல் ஒரு மின்னல்

1939-ல் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு அவரைத் தேடி வந்தது. ராத்திரியில் வானத்திலிருந்து எதிரியின் நடமாட்டத்தைப் படம் எடுக்கணும். கையில் பிடிக்கிற லைட்டை விமானத்தில் ஏற்றுகிற அளவுக்குப் பெருக்கினார் எட்ஜர்ட்டன். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல் தூண்களை இருட்டில், பறக்கும் விமானத்திலிருந்தே படம் பிடித்துக் காட்டினார். அதற்குச் செலவான ஆற்றல் 50,000 ஜூல். நம்ம ஸ்டூடியோ லைட் 160-க்கும் மேல் ஒரே நொடியில் மின்னினா எப்படி இருக்கும்! ராஜகிரி மேல் அப்படி ஒரு மின்னல் அடித்தால் எப்படியிருக்கும்னு யோசிக்காம இருக்க முடியலை.

அதே வருஷம் ஜூன் 5 இரவு, நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு, இவருடைய ஃப்ளாஷோடு விமானங்கள் பறந்தன. படங்களில் ஜெர்மன் படைகளின் பெரிய நகர்வு எதுவும் தென்படவில்லை. 1946-ல் அவருக்கு மெடல் ஆஃப் ஃப்ரீடம் கிடைத்தது.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான பக்கம். கென்னத் ஜெர்மெஷாசன், ஹெர்பர்ட் கிரியர் என்ற கூட்டாளிகளோடு 1947-ல் அவர் பதிவு செய்த ஈ.ஜி அண்டு ஜி கம்பெனி, அமெரிக்காவின் அணுகுண்டு சோதனைகளுக்கு நேரம் குறிக்கும், வெடிக்கவைக்கும் கருவிகளைச் செய்து கொடுத்தது. வெடிக்கிற அந்தக் கணத்தைப் பிடிக்க ராபட்ரானிக் என்ற கேமராவை உருவாக்கினார். சில மைக்ரோ செகண்டுகளில் எடுத்த அந்த நெருப்பு உருண்டைகளைப் பார்த்தால் இப்பவும் வயிற்றைக் கலக்கும். பால் துளியை ரசிக்கிற நாம் இதை மட்டும் ஒதுக்கிவிட்டுப் பேசினால் அது அவருடைய முழுக் கதை ஆகாது. ரெண்டையும் செய்தது ஒரே கைதான்.

கடலுக்கடியில் ஏது ப்ளக்?

1953-ல் தொடங்கி, பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் ழாக் கூஸ்டோவோடு கலிப்ஸோ கப்பலில் பலமுறை போனார். செஞ்சி மலையிலாவது ஜெனரேட்டரைத் தூக்கிட்டுப் போக வழி தேடலாம். கடலுக்கடியில்? பேட்டரி, கெப்பாசிட்டர், கேமரா எல்லாத்தையும் தண்ணீர் அழுத்தத்தைத் தாங்கும் குழாய்க்குள் அடைத்துக் கயிற்றில் இறக்கினார்கள். 1956-ல் அட்லான்டிக்கின் ரோமான்ஷ் பள்ளத்தில் ஏழு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் அப்படிப் படம் எடுத்தது அந்தக் குழு. கப்பல்காரர்கள் அவருக்கு வெச்ச பேர்தான் 'பாப்பா ஃப்ளாஷ்'. நம்மூரில் பாப்பான்னா குழந்தை, பிரெஞ்சில் அப்பா. பாண்டிச்சேரிப் பக்கத்து ஆட்கள் சிரிக்காம சரியா புரிஞ்சுப்பாங்க.

பிறகு கடலடியை ஒலியால் துழாவும் சைடு ஸ்கேன் சோனாரில் இறங்கினார். 1862-ல் மூழ்கிய அமெரிக்கப் போர்க்கப்பல் மானிட்டரை 1973-ல் கண்டுபிடித்த குழுவில் அவரும் இருந்தார்.

1964-ல் எடுத்த ஆப்பிள் படத்துக்கு வருவோம். தோட்டா செகண்டுக்கு சுமார் 850 மீட்டர் போகும். ஆயிரத்தில் ஒரு செகண்டில் படம் எடுத்தால்கூட 85 சென்டிமீட்டருக்கு ஒரு கோடுதான் விழும். அதனால் அறையை இருட்டாக்கி கேமராவைத் திறந்தே வைத்தார். துப்பாக்கிச் சத்தம் மைக்கில் பட்டதும் ஃப்ளாஷ் ஒரு மைக்ரோ செகண்டுக்கும் குறைவாக மின்னியது. அந்த நேரத்தில் தோட்டா ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. ஷட்டர் வேலையை வெளிச்சமே பார்த்துக்கிச்சு!

1940-ல் அவருடைய அதிவேகப் படங்களை வைத்து எடுத்த குறும்படம் ஆஸ்கர் வாங்கியது. 1973-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கமும் வந்தது. தன்னைக் கலைஞர் என்று யாராவது சொன்னால் மறுத்துவிட்டு, இன்ஜினீயர் என்று திருத்துவார். பாக்கெட்டில் எப்பவும் தான் எடுத்த படங்களின் போஸ்ட்கார்டுகள் இருக்கும். பார்க்கிறவர் கையிலெல்லாம் ஒண்ணு கொடுப்பார்.

1990 ஜனவரி 4, எம்.ஐ.டி பேராசிரியர்கள் சாப்பிடும் க்ளப்பில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாரடைப்பு. வயது 86. அவருடைய லேப் இருந்த நடைபாதைக்கு 'ஸ்ட்ரோப் ஆலி' என்று பெயர். சுவர் முழுக்க அவர் எடுத்த படங்களும் கருவிகளும். பக்கத்து அறையில் பிள்ளைகள் இன்னமும் ஃப்ளாஷ் செய்யப் படிக்கிறார்கள்.