3 ஆண்டு சம்பளம் வாங்காத பேராசிரியர்... நுண்ணலை ஆண்டெனா முன்னோடி ஜெகதீஷ் சந்திர போஸ்!

வல்லம் வடகால் விடுதிப் பெண்கள் தயாரிக்கும் செல்போனிலும் ஆண்டெனாதான். 7 டெஸ்லா மூளை எம்ஆர்ஐ-யிலும் ஆண்டெனாதான். அந்த ஸ்கேனில் ரேடியோ அலை தலைக்குள் சுமார் 13 செ.மீ.யாகச் சுருங்கி, படத்தில் இருட்டுத் திட்டு விழும். அதைச் சரிக்கட்டவே தலையைச் சுற்றி வரிசையா ஆண்டெனா வைக்கிறாங்க.

இதைவிடச் சிறிய அலைகளை அன்றே வசப்படுத்தியவர் போஸ். 1858-ல் வங்கத்தில் பிறந்தவர். 1885-ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலை. இந்தியர் என்பதால் சம்பளம் குறைவு. 3 ஆண்டுகள் அதைத் தொடாமலே பாடம் நடத்தினார். கடைசியில் முழுச் சம்பளமும் பாக்கியோடு வந்தது.

1895-ல் கொல்கத்தா டவுன் ஹாலில், கம்பியே இல்லாமல் சுவரைத் தாண்டி மணி அடிக்க வைத்தார். 5 மில்லிமீட்டர் அலை, புனல் வடிவ ஆண்டெனா எல்லாம் அவர் கைவேலை. காப்புரிமையில் மட்டும் பெரிசா ஆர்வம் காட்டலை. 1937-ல் மறைந்தார்.