தத்துவ போதகர்: காத்திருக்கவும் கையளிக்கவும் கற்ற மேய்ப்பர்

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் நின்றால் திண்டுக்கல், தேனி, ஈரோடு, சேலம் என்று ஊர்ப் பெயர்களைக் கூவி அழைக்கும் குரல்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஏறி அமர்ந்தால் சில மணி நேரத்தில் சேலம் போய்விடலாம். 1623-ஆம் ஆண்டு இதே மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கும், அங்கிருந்து சேலம் பகுதிக்கும் ஒரு துறவி நற்செய்தி அறிவிக்கப் புறப்பட்டார். அன்று பேருந்தும் இல்லை, நல்ல சாலையும் இல்லை. அவருக்கு வயது 45. அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதியை அவர் காத்திருப்பதிலேயே கழித்திருந்தார். அவர்தான் இயேசு சபைக் குரு இராபர்ட் தே நொபிலி. தமிழ் மக்கள் அவரைத் தத்துவ போதகர் என்று அறிவார்கள்.

அவருடைய உடையையும் உணவையும், அவர் கற்ற மொழிகளையும் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். ஓர் அருள்பணியாளர் தம் பணி தடுக்கப்படும்போது என்ன செய்கிறார், தம் பணி பிறர் கைக்குப் போகும்போது எப்படி நடந்துகொள்கிறார் என்பதையும் அவர் வாழ்க்கையிலிருந்து கற்றுக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

உரோமையிலிருந்து வைகைக் கரைக்கு

1577-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஓர் உயர்குடிக் குடும்பத்தில் நொபிலி பிறந்தார். பிற்காலத்தில் புனிதராக உயர்த்தப்பட்ட கர்தினால் இராபர்ட் பெல்லார்மின் அவருக்கு உறவினர். வசதியும் பதவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், இளைஞர் நொபிலி இயேசு சபையில் சேர்ந்தார். 1603-இல் குருவானார். அடுத்த ஆண்டே லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறி, 1605-ஆம் ஆண்டு மே மாதம் கோவா வந்து சேர்ந்தார். சில மாதங்கள் முத்துக்குளித்துறையில் தங்கித் தமிழ் கற்றார். 1606-ஆம் ஆண்டின் இறுதியில் மதுரைக்கு வந்தார்.

அப்போது மதுரை நாயக்க மன்னர்களின் தலைநகரம். நொபிலிக்கு முன்பே அங்கே ஒரு மேய்ப்பர் இருந்தார். அவர் அருள்பணி கொன்சாலோ பெர்னாண்டஸ், முன்பு போர்வீரராக இருந்தவர். ஏறத்தாழ 11 ஆண்டுகளாக மதுரையில் ஒரு சிற்றாலயம், பள்ளிக்கூடம், நோயாளிகளுக்கு மருந்து என்று உண்மையாய் உழைத்துவந்தார். மதுரைக்கு வந்துபோகும் முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களுக்கு அவர் நல்ல மேய்ப்பராகவே இருந்தார். ஆயினும் மதுரை மக்கள் எவரும் திருமறையைத் தழுவ முன்வரவில்லை. காரணம், கிறிஸ்தவராவது என்றால் பரங்கியாவது என்றே மக்கள் எண்ணினார்கள். கிறிஸ்துவை ஏற்பவர் தம் இனத்தையும் பண்பாட்டையும் விட்டு வெளியேற வேண்டும் என்ற எண்ணம் ஒரு மதில்போல நின்றது.

நொபிலி அந்த மதிலைக் கண்டுகொண்டார். 1607 முதல் காவி உடை தரித்தார், மரப் பாதுகை அணிந்தார், புலால் நீக்கினார், நாளுக்கு ஒரே வேளை உண்டார். தனி வீட்டில் துறவியாக வாழ்ந்தார். சிவதருமர் என்ற தெலுங்குப் பிராமண அறிஞரிடம் வடமொழி கற்றார். தமிழிலும் தெலுங்கிலும் தேர்ந்தார். தம் மேலதிகாரிகளான மாநிலத் தலைவர் ஆல்பர்ட் லெயெர்சியோவின் இசைவையும் ஆயர் பிரான்சிஸ் ரோஸின் ஆதரவையும் பெற்றே இவற்றைச் செய்தார். மக்கள் தேடிவந்தார்கள், கேள்வி கேட்டார்கள், வாதிட்டார்கள். பின்னர் ஒருவர் இருவராகத் திருமுழுக்குப் பெற்றார்கள். ஆசிரியர் சிவதருமரும் 1609-இல் திருமுழுக்குப் பெற்றார்.

ஒரே இல்லத்தில் இரு நல்ல மனிதர்கள்

பிரச்சினை வெளியிலிருந்து வரவில்லை, உள்ளிருந்தே வந்தது. 1610-இல் பெர்னாண்டஸ் அடிகளார் மேலதிகாரிகளுக்குக் குற்றச்சாட்டு எழுதினார். பூணூலும் குடுமியும் சந்தனமும் பிற சமயச் சடங்குகள் என்றும், நொபிலி நம்பிக்கையை நீர்த்துப்போகச் செய்கிறார் என்றும் அவர் கருதினார். அவர் பொறாமையால் மட்டுமே எழுதினார் என்று நாம் எளிதாகத் தீர்ப்பிட்டுவிடக் கூடாது. பல ஆண்டுகள் உழைத்த மூத்தவர் அவர். புதிதாய் வந்த இளங்குரு தம்மோடு சேர்ந்து உண்ணாமல், தம் ஆலயத்துக்கும் வராமல் தனித்து வாழ்வதைப் பார்த்தபோது அவர் மனம் புண்படாதா? இருவருமே செபிக்கிறவர்கள், இருவருமே கிறிஸ்துவுக்காக நாடு துறந்தவர்கள். ஆனாலும் இருவராலும் ஒத்துப்போக இயலவில்லை. நம் பங்குகளில் நடக்கும் பல பிணக்குகளும் இப்படித்தானே பிறக்கின்றன!

வழக்கு கோவாவுக்குப் போனது, உரோமைக்கும் போனது. தவறான செய்திகளைக் கேட்ட கர்தினால் பெல்லார்மினே மனம் வருந்திக் கண்டித்து எழுதினார். உண்மை நிலையை அறிந்த பிறகுதான் அவர் ஆதரவாளரானார். மாநிலத் தலைவர் மாறினார். புதிய தலைவருக்கு நொபிலியின் வழிமுறையில் உடன்பாடு இல்லை. புதியவர்களுக்குத் திருமுழுக்கு அளிப்பதே சில காலம் தடைப்பட்டது. கதவைத் திறந்தவர் அக்கதவின் முன்னாலேயே கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று.

கட்டாய ஓய்வு

இந்த இடத்தில்தான் நொபிலியின் நம்பிக்கை சோதிக்கப்பட்டது. அவர் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்திருக்கலாம். கீழ்ப்படியாமல் தம் வழியில் போயிருக்கலாம். மனம் கசந்து உரோமைக்கே திரும்பியிருக்கலாம். அல்லது அங்கேயே இருந்து காத்திருக்கலாம். அவர் காத்திருந்தார்.

காத்திருந்தார் என்றால் சும்மா இருந்தார் என்று பொருளல்ல. ஏற்கெனவே மனம் மாறியவர்களைப் பேணினார். தம்முடன் பணியாற்ற வந்த அருள்பணி அந்தோனியோ விகோவோடு சேர்ந்து மறைநூல்களையும் இந்நாட்டு நூல்களையும் ஆராய்ந்தார். இந்நாட்டு மக்களின் பழக்கவழக்கங்களில் எவை சமயம் சார்ந்தவை, எவை சமூகம் சார்ந்தவை என்று பிரித்துக்காட்டி 1613-இல் இலத்தீனில் ஒரு விரிவான அறிக்கை எழுதினார். 1619-இல் மற்றொன்றும் எழுதினார். அந்த ஆண்டு கோவாவில் கூடிய மாநாட்டில் பெரும்பாலோர் அவருக்கு எதிராகப் பேசினார்கள். அவர் தம் தரப்பை எடுத்துரைத்துவிட்டு, இறுதித் தீர்ப்பைத் திருத்தந்தைக்கே விட்டுவிட்டார்.

1623-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் திருத்தந்தை 15-ஆம் கிரகோரியார் தீர்ப்பளித்தார். மூடநம்பிக்கைக்கு இடமில்லாத வகையில் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகிய வழக்கங்களைப் புதிய கிறிஸ்தவர்கள் கைக்கொள்ளலாம் என்று அனுமதி வழங்கினார். 1610-இல் எழுந்த கேள்விக்கு 1623-இல் விடை கிடைத்தது. இடையில் 13 ஆண்டுகள்!

எலியா இறைவாக்கினர் களைத்துப்போய் ஒரு செடியின் நிழலில் படுத்தபோது, இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உணவு தந்து உறங்க வைத்தார். பிறகே அடுத்த பயணத்திற்கு எழுப்பினார். நொபிலிக்கும் அப்படித்தான் நடந்தது. 1623-இல் அவர் திருச்சிக்கும் சேலத்திற்கும் புறப்பட்டபோது, காத்திருந்த ஆண்டுகளில் சேர்த்த அறிவும் பொறுமையும் அவரோடு வழிநடந்தன. தாம் எழுந்து ஓடாவிட்டால் கடவுளின் ஆட்சி நின்றுபோகும் என்று நினைக்கிறவரால் ஓய்வெடுக்க முடியாது. திருச்சபை கடவுளுடையது என்று நம்புகிறவரே ஓய்வெடுக்க முடியும்.

சிறையும் ஒரு காயமும்

1640-இல் மீண்டும் சோதனை வந்தது. திருமலை நாயக்கரின் ஆட்சிக் காலத்தில், 60 வயதைக் கடந்த நொபிலி மதுரையில் கைதாகிச் சிறைப்பட்டார். விடுதலையான பின்பும் மதுரையை விட்டு ஓடவில்லை.

ஓர் உண்மையையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். நொபிலியின் வழிமுறை சாதிப் பிரிவினையைத் தகர்க்கவில்லை. அதைச் சமூக வழக்கம் என்று ஏற்று, அதற்குள்ளேயே நற்செய்தியைக் கொண்டுசெல்ல முயன்றது. உயர்ந்தோர் எனப்பட்டவர்களோடு பழகிய சந்நியாசக் குருக்களால் ஒடுக்கப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக முடியவில்லை. இந்தக் குறையைத் தீர்க்கவே 1640-இல் அருள்பணி பல்தசார் தா கோஸ்தா பண்டாரசாமியாகப் பணி தொடங்கினார். பண்டாரசாமிகள் எல்லா மக்களோடும் பழகினார்கள். அவர்கள் வழியாகவே திருமறை ஊர் ஊராகப் பரவியது. ஆயினும் ஆலயத்திற்குள் நுழைந்த பிரிவினை எளிதில் வெளியேறவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் தேர்ப்பவனியிலும் அதன் தழும்புகளை நாம் இன்னும் காண்கிறோம். ஒரு தலைவரின் பெரும் வெற்றிக்குள்ளேயே அடுத்த தலைமுறை திருத்த வேண்டிய குறையும் இருக்கலாம். அதை ஒப்புக்கொள்வது அவரை அவமதிப்பதாகாது. அவர் விட்ட இடத்திலிருந்து நாம் தொடர வேண்டும் என்பதே அதன் பொருள்.

கையளித்தல்

நொபிலிக்குக் கண்பார்வை மங்கியது. 1645-ஆம் ஆண்டளவில் மதுரையை விட்டு யாழ்ப்பாணம் செல்லும்படி மேலதிகாரிகள் பணித்தார்கள். எண்ணிப் பாருங்கள். 29 வயதில் வந்தவர் அவர். ஏறத்தாழ 40 ஆண்டுகள் இம்மண்ணின் மொழியைப் பேசி, இம்மண்ணின் உணவை உண்டு, இம்மண்ணின் சிறையிலும் இருந்தவர். மதுரையிலேயே சாக வேண்டும் என்று அவர் உள்ளம் ஏங்காமல் இருந்திருக்குமா? ஆனாலும் கீழ்ப்படிந்து போனார். பின்னர் அங்கிருந்து மயிலாப்பூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே எளிய குடிசையில், அதே துறவு உணவோடு, அதே ஒழுங்கோடு வாழ்ந்தார். பார்வை போன பிறகும், தாம் சொல்லச் சொல்லப் பிறரை எழுதச் செய்து தம் நூல்களைச் செப்பனிட்டார். 1656-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள், தம் 78-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம் முதலிய அவருடைய தமிழ் நூல்கள் நிலைத்தன. கோவில், குரு, பூசை, வேதம், அருள் என்று நம் முன்னோர் செபத்தில் சொல்லிப் பழகிய சொற்கள் பலவற்றைக் கிறிஸ்தவ வழக்கில் வேரூன்றச் செய்தவர் அவரே. அவர் விட்டுச்சென்ற மதுரை மிஷனில்தான் பின்னர் புனித அருளானந்தர் உழைத்து, 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்தினார். அதற்கடுத்த நூற்றாண்டில் வீரமாமுனிவர் வந்தார். இவர்களில் எவரையும் நொபிலி கண்டதில்லை. காணாத அறுவடைக்காக விதைத்துவிட்டு, பார்வையற்ற கண்களோடு அவர் கடற்கரையோரம் ஓய்ந்திருந்தார்.

நமக்கு

அன்புக்குரியவர்களே, ஒவ்வோர் ஆண்டும் நம் பங்குகளில் பணிமாற்றம் வருகிறது. பழைய பங்குத்தந்தை போகிறார், புதியவர் வருகிறார். அவர் செய்ததை இவர் ஏன் மாற்றுகிறார் என்று நாம் இரு அணிகளாகப் பிரிகிறோம். பங்குப் பேரவையிலும் அன்பியத்திலும் மரியாயின் சேனையிலும் ஒரு பொறுப்பை ஏற்றால், அதை இன்னொருவரிடம் ஒப்படைக்க மனம் வருவதில்லை. நான் இல்லாவிட்டால் திருவிழா நடக்காது என்ற நினைப்பு நம்மை அறியாமலே உள்ளே புகுந்துவிடுகிறது.

திருத்தூதர்கள் பணி முடிந்து திரும்பியபோது, ஆண்டவர் இயேசு அவர்களிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தனிமையான இடத்திற்குப் போய்ச் சற்று ஓய்வெடுக்க அழைத்தார். அந்த அழைப்பு உங்கள் பங்குத்தந்தைக்கும் உரியது. அவர் நோயுற்றால் விசாரிக்கிறீர்களா? அவர் ஒரு வாரம் தியானத்திற்குச் சென்றால் பொறுத்துக்கொள்கிறீர்களா? முதிர்ந்து ஓய்வு இல்லத்தில் இருக்கும் உங்கள் முன்னாள் பங்குத்தந்தையை ஆண்டுக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்கிறீர்களா? பங்கில் பொறுப்பில் இருக்கும் நீங்கள், உங்களுக்குப் பின் அதைச் செய்ய ஒருவரையாவது பயிற்றுவித்திருக்கிறீர்களா?

சனவரி 16 அன்று நம் ஆலயங்களில் தத்துவ போதகரை நினைத்து ஒரு செபம் சொல்வோம். தடை வரும்போது கசந்துபோகாத பொறுமையையும், நேரம் வரும்போது கைவிரித்துக் கொடுத்துவிடும் மனத்தையும் நம் மேய்ப்பர்களுக்கும் நமக்கும் இறைவன் அருள்வாராக.