கோள்களுக்குக் கணக்குப் போட்டவர்

பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படித்தபோது, ஓர் அணியை, அதாவது மெட்ரிக்ஸை, நூறாம் அடுக்குக்கு உயர்த்த நிரல் எழுதச் சொன்னார்கள். நான் 99 முறை பெருக்கவிட்டேன். விடை வந்தது, மதிப்பெண் வரவில்லை. வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் 8 பெருக்கல் போதும். சமச்சீர் அணிக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது என்று சொன்ன விரிவுரையாளர், பலகையில் எழுதிய பெயர் ஜக்கோபி.

கார்ல் குஸ்தாவ் ஜேக்கப் ஜக்கோபி, 1804 டிசம்பர் 10ஆம் நாள் பிரஷ்யாவின் போட்ஸ்டாம் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தாய்மாமன்தான் முதல் ஆசிரியர். 1816இல் பள்ளிக்குப் போனவர், சில மாதங்களிலேயே இறுதி வகுப்புக்கு உயர்த்தப்பட்டார். பெர்லின் பல்கலைக்கழகமோ 16 வயது நிரம்பாதவரைச் சேர்க்காது. ஆகவே 1821 வரை அதே வகுப்பு! நானாக இருந்தால் தூங்கியே கழித்திருப்பேன். அவர் ஆய்லரின் நூல்களைப் படித்தார்.

1825இல் முனைவர் பட்டம். மறு ஆண்டு கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் வேலை. நீள்வட்டச் சார்புகளில் அவர் செய்த ஆய்வு ஐரோப்பா முழுதும் பேசப்பட்டது. 1843இல் நீரிழிவு நோய் கண்டது. மன்னரின் உதவித்தொகையோடு பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார்.

எனக்கு உதவிய வழியை அவர் வெளியிட்டது 1846இல். அவருக்கு அடுக்குகளைப் பற்றிய கவலை இல்லை. ஏழு கோள்களின் பாதைகள் மெல்ல மெல்ல மாறுவதைக் கணிக்க வேண்டியிருந்தது. கையில் இருந்தது ஏழுக்கு ஏழு கொண்ட சமச்சீர் அட்டவணை. மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள பெரிய எண்ணைத் தேர்ந்து, அது பூஜ்ஜியமாகும்படி அச்சுகளைச் சுழற்றினார். மற்ற எண்கள் கொஞ்சம் கலையும். ஆனால் வெளியே உள்ளவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை ஒவ்வொரு சுழற்சியிலும் குறையும். திரும்பத் திரும்பச் செய்தால், கடைசியில் மூலைவிட்டம் மட்டுமே மிஞ்சும்.

சிறிய அணி ஒன்றில் பாருங்கள். முதல் வரிசை 2, 1. இரண்டாம் வரிசை 1, 2. 45 பாகை சுழற்றினால் மூலைவிட்டத்தில் 3, 1 என்ற எண்கள் நிற்கும், மற்றவை பூஜ்ஜியம். பத்தாம் அடுக்கு வேண்டுமா? அந்த இரண்டு எண்களை மட்டும் உயர்த்துங்கள்: 59,049, 1. சுழற்சியைத் திருப்பினால் மூலைவிட்டத்தில் 29,525, மற்ற இடங்களில் 29,524. நூறாம் அடுக்குக்கும் இதே வேலைதான். திருப்புவதும் சுலபம்: சுழற்சி அணியின் வரிசைகளை நிரல்களாக்கினால் போதும்.

கையால் செய்ய அலுப்பான முறை என்பதால் ஏறக்குறைய நூறாண்டு அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. மின்கணினி வந்த பிறகே உயிர்பெற்றது. பெரிய அணிகளுக்கு இன்று வேகமான வேறு முறைகள் உண்டு. துல்லியம் முக்கியமான இடங்களில் ஜக்கோபி முறையை இன்னும் நாடுகிறார்கள்.

1848 புரட்சியின்போது அரசியல் பேசியதால் அவருடைய உதவித்தொகை பறிபோனது. குடும்பத்தைச் செலவு குறைந்த கோத்தா நகருக்கு அனுப்பிவிட்டு, பெர்லினில் தனியாக இருந்தார். வியன்னா அவரை அழைத்த பிறகுதான் பிரஷ்யா இறங்கி வந்தது. 1850இல் சில்வெஸ்டர் என்ற ஆங்கிலேயர் இத்தகைய அட்டவணைக்கு மெட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் ஜக்கோபி பெரியம்மையால் இறந்தார். வயது 46.